நாலு பத்து பஸ்

அன்புள்ள ஐயா,

கல்வியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். உயர்கல்விப் பங்கேற்பு, மாணவர்களின் பாடத்தேர்வு ஆகியவை பற்றி உலகெங்கும் வந்துள்ள ஆய்வுகளைத் திரட்டி, எந்தக் காலத்தில் எந்தப் போக்கு மேலோங்கியது என்று வரைபடமாக்குகிறேன். ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் தேடி எடுத்த கட்டுரைகளை மென்பொருளில் இட்டதும் வண்ண வட்டங்களாகப் படம் வந்தது. அதில் இந்தியா ஓரத்தில் ஒரு சிறு புள்ளி. நம் கிராமத்து மாணவிகள் இலக்கில் தெளிவில்லாமல் கிடைத்த பாடத்தில் சேர்ந்துவிடுவதால்தான் இங்கே இத்துறை வளரவில்லையோ என்று தோன்றுகிறது. பொறியியல் மோகம் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நான் தவறவிடக் கூடாத கட்டுரைகள் எவை?

தி., திருநெல்வேலி

அன்புள்ள தி.,

உங்கள் கடிதம் வந்த அன்று அக்காவின் பழைய டிரங்குப் பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லாவிட்டால் நாலு வரியில் வாழ்த்துச் சொல்லி முடித்திருப்பேன்.

பொறியியல் மோகம் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எந்த டீக்கடையிலும் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். புள்ளி சிறியது என்ற வருத்தமும் வேண்டாம். ஸ்கோபஸ் வலையில் விழுவது பெரும்பாலும் ஆங்கில இதழ்களில் ஏறியவை. வலையின் கண்ணைப் பார்க்காமல் கடலில் மீனே இல்லை என்று சொல்லக் கூடாது.

ஆனால் 'இலக்கில் தெளிவில்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. எத்தனை மாணவிகளிடம் பேசிவிட்டு அந்த வரியை எழுதினீர்கள்?

பெட்டியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. யார் கல்யாணம் என்பது நினைவில்லை. அதன் பின்பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில், பென்சிலில், பஸ் நேரங்கள். 1983. அக்கா பிளஸ் டூவில் கணக்கில் 200க்கு 186 வாங்கியிருந்தாள். வேதியியல் படிக்க ஆசை. பக்கத்து நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரி இருந்தது, எங்கள் ஊரிலிருந்து 22 கிலோமீட்டர். அப்பா பஸ் நிலையத்துக்குப் போய், டைம் கீப்பரிடம் கேட்டு, எல்லா நேரத்தையும் எழுதிவந்தார். பிற்பகலில் எங்கள் ஊருக்கு நாலு பத்துக்கு ஒரு பஸ். அடுத்தது ஏழே முக்கால். அதில் வந்தால் விலக்கில் இறங்கி ஓடைப் பாதையில் இருட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். வேதியியலுக்குச் செய்முறை வகுப்பு ஐந்து மணி வரை.

விண்ணப்பப் படிவத்தையும் பத்திரிகையையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செய்முறை வகுப்பு உள்ள பாடங்களை அப்பா ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தார். வேதியியல், இயற்பியல், தாவரவியல், விலங்கியல். கணக்குக்குக் கல்லூரியில் இடம் முடிந்திருந்தது. மிஞ்சியது வரலாறு. அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நான் பார்த்த முதல் பாடத்தேர்வு ஆய்வு அதுதான், தி. உங்கள் மென்பொருளைவிடச் சுருக்கமாக முடிந்தது.

தெளிவில்லாதது யாருக்கு? அவளுக்கு வேதியியல் என்று தெளிவாகத் தெரியும். அப்பாவுக்கு நாலு பத்து என்று தெளிவாகத் தெரியும்.

அக்கா வரலாற்று ஆசிரியை ஆனாள். பல வருடம் கழித்து யாரோ ஒரு ஆய்வாளர் பள்ளிக்கு வினாத்தாளுடன் வந்தாராம். 'ஏன் இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்?' ஆர்வம், வேலைவாய்ப்பு, பெற்றோர், ஆசிரியர் என்று நான்கு கட்டம். அவள் ஆர்வத்தில் டிக் அடித்திருக்கிறாள். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "ஆர்வம் இல்லாமலா இத்தனை வருடம் சோழர்களோடு குடித்தனம் நடத்தினேன்?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அடித்த கோடு இத்தனை வருடத்தில் ஆர்வமாகிவிட்டது. அந்த டிக் எங்கோ ஒரு அட்டவணையில் ஒரு சதவீதத்தின் துணுக்காக உட்கார்ந்திருக்கும். உங்கள் வட்டங்கள் அப்படிப்பட்ட அட்டவணைகளின் மேல் நிற்பவை.

கட்டுரை கேட்டீர்கள். டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றி பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் செய்த ஆய்வைப் படியுங்கள். போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் தரவரிசையில் மிகவும் கீழே உள்ள கல்லூரியைக்கூட ஏற்கிறார்கள். ஆண்கள் அந்த அளவுக்கு இறங்கிவருவதில்லை. உங்கள் படத்தில் இது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 'பங்கேற்பு', 'தேர்வு' என்று தேடியிருப்பீர்கள். இதெல்லாம் 'தெருத் தொல்லை', 'போக்குவரத்து' என்ற பெயர்களில் வேறு தெருவில் குடியிருக்கிறது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என்னைக் கேட்டால் அது உயர்கல்வித் திட்டம்தான். எந்தக் கல்வி இதழின் குறிச்சொல்லில் அது வரும்?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்ட்டின் ட்ரோவையும் படியுங்கள். 1973இல் எழுதியவர். வயதுக்கேற்றோரில் 15 சதவீதத்துக்குக் கீழே சேர்ந்தால் அது மேட்டுக்குடிக் கல்வி, 50 வரை வெகுமக்கள் கல்வி, அதற்கு மேல் அனைவருக்குமான கல்வி என்றார். கடைசிக் கட்டத்தில் கல்லூரிக்குப் போவது சலுகையோ உரிமையோ அல்ல, கடமையாகிவிடும் என்பது அவர் வாதம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் இந்தியா 28.4 சதவீதம், தமிழ்நாடு 47. அவருடைய 50 சதவீதக் கோட்டைத் தமிழ்நாட்டில் நாம் தொடப் போகிறோம். எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று இந்த எண் சொல்கிறது. எதை அடித்துவிட்டு எதில் நுழைந்தார்கள் என்று சொல்லாது. அதைச் சொல்லத்தான் உங்களைப் போன்றவர்கள் வேண்டும். கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். அதை மூடி வைத்துவிட்டு ஒரு நாள் மாலை உங்கள் கல்லூரி வாசல் நிறுத்தத்தில் போய் நில்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அக்காவிடம் போனில் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டாள். போக்கு, வரைபடம், வட்டம் எதையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பெண் விடுதியில் இருக்கிறாளா, வீட்டிலிருந்து வந்துபோகிறாளா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. எழுதுங்கள், அவளிடம் சொல்ல வேண்டும்.