ரெடாங் சட்டையும் கீஸ்டோன் கடலும்

மகன் சியாட்டலில் படிக்கிறான். டிசம்பரில் அமெரிக்காவில் அவன் இருக்கும் பக்கமே உள்ள விட்பி தீவின் கீஸ்டோனில் கரையிலிருந்தே இறங்கி டைவிங் செய்யப் போகிறோம். நம் ரெடாங் தீவின் வெதுவெதுப்பான கடலில் போட்ட 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதுமா? (பிரிக்பீல்ட்ஸ்)

போதாது. டிசம்பரில் அந்தத் தண்ணீர் 10 டிகிரியைத் தொட்டாலே அதிசயம். தண்ணீர் உள்ளே புகாத டிரைசூட் பழகிக்கொண்டு, அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

குளிர்க்கடலுக்கு என்று வாட்ஸ்அப்பில் சொல்லித்தான் 1,900 ரிங்கிட்டுக்கு, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் வாங்கினேன். அதன்மேல் '10 டிகிரிக்கு மேல்' என்ற குறி இருக்கிறது. கடைக்காரர் ரசீது முத்திரையைக் காட்டுகிறார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. (பட்டர்வொர்த்)

அம்மா, உங்கள்மேல் தப்பே இல்லை. குளிர்நீருக்குத் தேறாத ரெகுலேட்டருக்கு ஐரோப்பிய இஎன் 250 விதிப்படி போடும் குறி அது. சிலிண்டர் காற்று அழுத்தம் குறையும்போது தானே சில்லிடும். தண்ணீரும் சில்லென்றிருந்தால் வால்வில் பனி உறைந்து, மூடாமல் நின்றுவிடும். காற்றெல்லாம் கொட்டித் தீரும்.

அந்த முத்திரை இருக்கிறதே, அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வெள்ளி ரப்பர் முத்திரை சட்டத்தை அழித்துவிடுமா? எதற்கென்று சொல்லி வாங்கினீர்களோ அதற்குப் பொருள் உதவ வேண்டும் என்கிறது மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். முத்திரை குத்தி அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுவுக்கு 5 ரிங்கிட்தான், 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் போகவேண்டும். அந்த வாட்ஸ்அப் உரையாடலை இன்றே படம்பிடித்து வையுங்கள்.

முகநூலில் செராஸ்காரர் ஒருவர் விற்ற பழைய டிரைசூட். படத்தில் புதிது மாதிரி இருந்தது. தலையை நுழைத்ததும் கழுத்து ரப்பர் கிழிந்துவிட்டது. நடுவர் மன்றம் போகலாமா? (செந்தூல்)

போக முடியாது. அவர் வியாபாரி அல்ல, அலமாரியைக் காலி செய்தவர். நம் ஊர் வெக்கையில் அந்த லேடக்ஸ் ரப்பர் சுவிங்கம் போல் பிசுபிசுத்துவிடும். விரலால் இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். செந்தூலிலிருந்து செராஸ் போய்ப் பார்க்கக் கூடவா நேரமில்லை? கழுத்து ரப்பரை மட்டும் மாற்றலாம், விலை கேளுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. மலிவு விற்பனையில் 7 மில்லிமீட்டர் வெட்சூட்டைப் போட்டுப் பார்க்காமலே வாங்கி வந்தேன். ஜிப் முதுகு நடுவில் சிக்கி, அக்காள் மகன்கள் இருவர் இழுத்துத்தான் வெளியே வந்தேன். இப்போது அது ஸ்டோர் அறையில் அந்துருண்டையோடு தொங்குகிறது.

கீஸ்டோன் நீரோட்ட நேரம் காட்டும் ஆப் 60 ரிங்கிட். வாங்கலாமா? ஏற்றவற்ற அட்டவணை கையில் இருக்கிறது. (பாலிக் புலாவ்)

வேண்டாம். அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவா நீரோட்டக் கணிப்பை இலவசமாகவே தருகிறது. ஆனால் ஏற்றவற்ற அட்டவணையை வைத்து இறங்கிவிடாதீர்கள். தண்ணீர் உச்சிக்கு ஏறும் நேரமும், நீங்கள் இறங்கவேண்டிய, ஓட்டம் ஓயும் நேரமும் ஒன்றல்ல.