சொத்துத் தகராறுக்காகத் தாத்தாவின் வாழ்க்கையைத் தேடிப் போனவர்கள் யாராவது உண்டா? என்ன கிடைத்தது?

நான் போயிருக்கிறேன். கிடைத்தது நிறைய. ஆனால் எதை நிரூபிக்கப் போனேனோ அது மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் பூர்வீகம் பழைய இராமநாதபுரம் ஜில்லா. அப்பாவின் அப்பா ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் வீட்டில் கேட்டு வளர்ந்தது ஒரே கதை. தாத்தா மூட்டை தூக்கி மணியார்டர் அனுப்பினார், அவருடைய அண்ணன், அதாவது எங்கள் பெரிய தாத்தா, அந்தப் பணத்தில் கண்மாய்க்கரை வயலைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டார். இந்தக் கதையால் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணப் பத்திரிகை வராது, சாவுக்கு மட்டும் யாராவது ஒருவர் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார்கள்.

2019-இல் பெரிய தாத்தாவின் பேரன்கள் அந்த வயலை விற்க முன்பணம் வாங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பா அன்றைக்கே வக்கீல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காகிதம் என்ன இருக்கு?" என்றார். எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். பத்திரம் அண்ணன் பேரில் மட்டும் இருந்தால், "பணம் எங்களுடையது, பேர்தான் அவருடையது" என்று வழக்குப் போடுவது லேசில்லை. 1988-ஆம் ஆண்டு பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும். கூட்டுக் குடும்பச் சொத்துக்கு அதில் விதிவிலக்கு உண்டு. ஆனால் வாங்கியது குடும்பப் பணத்தில்தான் என்று காட்டும் பொறுப்பு நம் தலையில்தான் விழும். அந்தக் காகிதங்களைத் தேடும் வேலை என்னிடம் வந்தது.

நீங்களும் இப்படித் தொடங்கப்போகிறீர்கள் என்றால் பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. அது ஒருவர் பேரில் இருப்பதாலேயே நிலம் அவருடையதாகிவிடாது. 1979-இலிருந்து 1987 வரை நடந்த யு.டி.ஆர். வேலையில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த வேலை) பல இடங்களில் யார் ஊரில் இருந்தார்களோ அவர்கள் பேர் ஏறியது, வெளியூரில் இருந்தவர்கள் பேர் விடுபட்டது. அந்தக் காலத்துத் தவறுகள் இன்றைக்கும் நீதிமன்றத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. நான் இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போனேன். யு.டி.ஆர். 'அ' பதிவேடு, அதற்கு முந்தைய எஸ்.எல்.ஆர். (செட்டில்மென்ட் நிலப் பதிவேடு), அதில் இருந்த பழைய எண். எங்கள் பக்கமெல்லாம் ஜமீன் கிராமங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்த பிறகு நடந்த செட்டில்மென்டில்தான் அரசாங்கக் கணக்கு ஒழுங்காகத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பதிவுப் பத்திரங்களே கதி.

எல்லோரும் தவறவிடும் ஒன்று இங்கே இருக்கிறது. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். சொத்தின் பேரில் ஓர் அட்டவணை, எழுதிக்கொடுத்தவர் வாங்கியவர் பேரில் ஓர் அட்டவணை. கணினியில் வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகிறோம். 1930-களுக்குப் போக வேண்டுமென்றால் நேரில் மனுப் போட்டு ஏட்டைப் புரட்டச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அப்போது எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். நான் மூன்று மாதம் தவறான அலுவலகத்துக்கு அலைந்தேன்.

நகல் கையில் கிடைத்த பிறகும் என்னால் படிக்க முடியவில்லை. எழுத்தில் புள்ளி இல்லை. குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒரே மாதிரி, காலும் 'ர'வும் ஒரே மாதிரி. 'மேற்படி' என்பதற்கு ௸ என்ற குறி. தொகை ரூபாய் அணாவில். வருஷம் சில இடங்களில் சர்வதாரி என்றும் சில இடங்களில் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டிலும் இருந்தது (பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி ஆண்டு தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும், தொடக்கம் ஜூலை). நிலத்துக்கு எண்ணைவிட நான்கெல்லைதான் முக்கியம். இன்னார் நஞ்சைக்கு மேற்கு, கண்மாய்க்கரைக்குக் கிழக்கு. ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். அவர் காசு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

முதல் பத்திரம் 1938. கிரயம். நாங்கள் நினைத்தபடி பெரிய தாத்தா பேரில் மட்டும் இல்லை. அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. தாத்தாவின் பேருக்கு முன்னால் 'ரங்கூனிலிருக்கும்' என்று எழுதியிருந்தார்கள். எழுத்தர் அந்தச் சொல்லை வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏமாற்ற நினைப்பவர் கடல் தாண்டி இருக்கும் தம்பியின் பேரை எதற்காகச் சேர்க்க வேண்டும்?

இரண்டாவது 1942 அக்டோபர். பெரிய தாத்தா அந்த வயலை ஒத்திக்கு வைத்திருக்கிறார். மூன்றாவது 1947. ஒத்தி மீட்பு. நான்காவது 1948. விடுதலைப் பத்திரம். தாத்தா தன் பாதிப் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பாவுக்குக் கோபம். "கையெழுத்தை வாங்கியிருப்பாங்க, பாவம் எங்கப்பாவுக்கு என்ன தெரியும்" என்றார். அப்பா பிறந்தது 1947. அவருக்கும் எல்லாம் கேள்விப்பட்டதுதான்.

விஷயம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். எங்கள் அத்தை. அப்பாவைவிட ஏழு வயது மூத்தவர், 1940-இல் பிறந்தவர். மதுரையில் இருக்கிறார். அவரிடம் யாருமே போய்க் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் போனபோது அத்தை கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இழுக்கச் சொன்னார். பாட்டியின் பெட்டி. உள்ளே மணியார்டர் துண்டுச் சீட்டுகள், நூலால் கட்டி வைத்தது. கடைசிச் சீட்டில் முத்திரை 1941 நவம்பர். அடுத்த மாதம் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கான நம் ஜனங்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே வந்தார்கள், வழியிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் தாத்தா வரவில்லை. கடிதமும் வரவில்லை, பணமும் வரவில்லை. ஊரில் பலர் பாட்டியிடம் தாலியைக் கழற்றச் சொன்னார்களாம்.

"பெரியப்பாதான் விடலை" என்றார் அத்தை. "என் தம்பி வருவான், நீ அழிக்காதேன்னு சொல்லிட்டாரு. எங்கம்மாவையும் என்னையும் அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிட்டாரு. அந்தப் பஞ்சத்துல பர்மா அரிசி நின்னுபோச்சு. நெல்லு இல்லை. வயலை ஒத்தி வச்சுத்தான் எங்க எல்லாருக்கும் கஞ்சி ஊத்துனாரு. அவருக்கும் நாலு புள்ளைங்கம்மா."

தாத்தா 1946-இல் வந்து சேர்ந்திருக்கிறார். வாசலில் வந்து நின்றவரை அத்தைக்கு அடையாளம் தெரியவில்லை, பயந்து பெரியப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாராம். அடுத்த வருஷம் ஒத்தியை மீட்டது இருவரும் சேர்ந்து கட்டிய பணத்தில். அதற்கடுத்த வருஷம் தாத்தா அண்ணனைச் சார்பதிவகத்துக்குக் கூட்டிப் போய்த் தன் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டார். பெரிய தாத்தா வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது அத்தைக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடுதலைப் பத்திரத்தை நான் மறுபடி எடுத்துப் பார்த்தேன். தகவலில்லாத காலத்தில் தன் பெண்டு பிள்ளையைக் காப்பாற்றியதற்காக என்று காரணம் அதிலேயே எழுதியிருந்தது. முதல் தடவை சட்டப் பேச்சு என்று நினைத்து அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு வக்கீலுக்குப் போன் போட்டு, "அந்தக் கேசு வேணாங்க" என்றார்.

கதை அதோடு முடியவில்லை. அத்தையிடம் ஏன் யாரும் கேட்கவில்லை என்றேனே, அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. தாத்தா 1950-இல் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வேறு நிலம் வாங்கினார். பூர்வீகப் புஞ்சையும் கொஞ்சம் இருந்தது. 1971-இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். 1983-இல் அப்பாவும் சித்தப்பாவும் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் கூர்ச்சீட்டு எழுதி எல்லாவற்றையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அத்தைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கட்டிக் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு" என்பதுதான் பேச்சு. அத்தையிடம் பழைய கதையைக் கேட்கப் போனால் பங்குப் பேச்சு வரும் என்ற பயம் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

வக்கீலிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்னதை என் மாதிரி பெண்களுக்காகவே விரிவாக எழுதுகிறேன். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தாத்தாவின் சுயசம்பாத்தியத்தில் 1971-இலேயே மனைவி, இரண்டு மகன், ஒரு மகள் நால்வருக்கும் கால் கால் பங்கு. இது புதிதாக வந்த உரிமையே இல்லை. பாட்டி 1994-இல் இறந்ததும் அவருடைய கால் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். ஆக அத்தைக்கு மூன்றில் ஒன்று.

பூர்வீகப் புஞ்சைக்குக் கணக்கு வேறு. பழைய சட்டப்படி முதலில் தாத்தாவும் இரண்டு மகன்களும் பிரித்துக்கொண்டதாகப் பாவித்து, தாத்தாவுக்கு வந்த மூன்றில் ஒன்றை மட்டும் நால்வருக்குப் பங்கிடுவார்கள். பாட்டியின் வழியில் வருவதையும் சேர்த்தால் அத்தைக்கு ஒன்பதில் ஒன்று. தமிழ்நாட்டில் 1989-இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்தார்கள், ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு இல்லை. அத்தைக்கு அறுபதுகளிலேயே கல்யாணம். 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம்தான் கல்யாணத் தேதியைப் பார்க்காமல் மகளுக்கும் பிறப்பால் உரிமை என்றது. மகளைப் பெற்ற தகப்பன் அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்தது: இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவு செய்த பாகப்பிரிவினையோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அதைத் தொட முடியாது. பதிவாகாத கூர்ச்சீட்டு அந்தக் கணக்கில் வராது. ஆக புஞ்சையிலும் மூன்றில் ஒன்று.

"இத்தனை வருஷம் அவங்க கேக்கலையே" என்றார் சித்தப்பா. கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி உழுதால் மற்ற பங்காளிகளுக்காகவும் உழுவதாகத்தான் சட்டம் பார்க்கும், உனக்குப் பங்கில்லை என்று முகத்துக்கு நேரே மறுத்த பிறகுதான் பன்னிரண்டு வருஷக் கணக்கே ஓடும் என்றார் வக்கீல். சித்தப்பா அதற்கும் இறங்கி வரவில்லை. எட்டு மாதம் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

அவரை மாற்றியது சட்டம் இல்லை. அப்பா ஒருநாள் விடுதலைப் பத்திர நகலை எடுத்துக்கொண்டு போய் அவரைப் படிக்கச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "நம்மப்பா தன் பங்கை எழுதிக் கொடுத்தது யாருக்குச் சோறு போட்டதுக்குன்னு பாருடா. அக்காவுக்கு."

பெரிய தாத்தா வீட்டுக்கும் ஒரு நகல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களிடம் இந்தப் பத்திரமே இல்லை. அவர்களும் அவர்கள் பங்குக்கு ஒரு கதையை வைத்திருந்தார்கள், அதில் எங்கள் தாத்தா குடும்பத்தை விட்டு ஓடிப்போனவர். பேரன்களில் மூத்தவர் நகலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

2021-இல் மூன்று பேருக்குமாகப் பாகப்பிரிவினையைப் பதிவு செய்தோம். அத்தைக்கு அப்போது எண்பத்தொன்று. இரண்டு பக்கமும் ஆள் பிடித்துச் சார்பதிவகப் படியேற்றினோம். ரேகை எடுத்து முடித்ததும், வயதானவர், படிக்காதவர் என்று நினைத்து, கையெழுத்துக்கும் ரேகையே போதும் என்று ஊழியர் பத்திரத்தை நகர்த்தப் பார்த்தார். அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேனாவைக் குடு தம்பி. எனக்குக் கையெழுத்து வரும். எங்கப்பா ரங்கூன்ல இருந்தப்ப பெரியப்பா மணல்ல எழுதிச் சொல்லிக் குடுத்தாரு."