நல்லா உழுறப்பதான் விலை

கேள்வி: காசில்லாத கால்பந்து கிளப் பெரிய கிளப்களோடு மோத முடியுமா? ஆள் எடுப்பதில் ஏதாவது சூட்சுமம் உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்டு. மேற்கு லண்டனில் பிரென்ட்ஃபோர்ட் என்று ஒரு கிளப். மைதானத்தின் நாலு மூலையிலும் நாலு மதுக்கடை இருந்தது என்பதுதான் ரொம்ப காலம் அவர்களுடைய பெருமை. 2012ல் கிளப்பை வாங்கிய மேத்யூ பென்ஹாம் சின்ன வயதிலிருந்தே அவர்கள் ரசிகர். பந்தயக் கணக்குப் போட்டுச் சம்பாதித்தவர். ஒருவன் எத்தனை கோல் அடித்தான் என்பதைவிட, எவ்வளவு நல்ல இடத்தில் போய் நின்றான் என்பதை எண்ணுகிற ஆள்.

2017ல் எக்ஸெட்டர் என்ற நாலாம் டிவிஷன் கிளப்பிலிருந்து ஆலி வாட்கின்ஸை வாங்கினார்கள். சுமார் 18 லட்சம் பவுண்டு. விங்கில், அதாவது மைதான ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த பையன். அதே வருஷம் பிரான்ஸிலிருந்து நீல் மோபே வந்து நடுவில் கோல் அடித்தார். 2019ல் மோபேயை பிரைட்டன் சுமார் 2 கோடிக்குக் கொத்திக்கொண்டு போனது. இன்னொரு கிளப்பாக இருந்தால் அந்தப் பணத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரைக்கர் தேடி அலைந்திருக்கும். இவர்கள் வாட்கின்ஸை விங்கிலிருந்து நடுவுக்கு நகர்த்தினார்கள். அந்த சீசன் லீகில் 25 கோல்! உடனே ஆஸ்டன் வில்லா 2.8 கோடியோடு வந்தது. ஆனால் அவர் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே, மூன்றாம் டிவிஷன் பீட்டர்பரோவிலிருந்து ஐவன் டோனி வந்து இறங்கியாச்சு. டோனி அடித்தது 31. 2021 மே மாதம் ஸ்வான்ஸியை 2-0 என்று வென்று, 74 வருஷத்துக்குப் பிறகு முதல் டிவிஷனுக்கு, இப்போதைய பெயரில் பிரீமியர் லீகுக்குப் போனார்கள்.

என் தாத்தா மணப்பாறைச் சந்தைக்குப் போனால் கொம்பைப் பார்க்க மாட்டார். மாட்டை நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அதை வாங்கி நாலு வருஷம் உழுதுவிட்டு விற்கக் கிளம்பும்போது அப்பத்தா வாசலை மறிப்பாள்: "நல்லா உழுற மாட்டை எவனாச்சும் விப்பானா?" "நல்லா உழுறப்பதான்டி விலை" என்பார். அதற்குள் அடுத்த கன்று கொட்டத்தில் கட்டியிருக்கும். வாங்குவதில் சாமர்த்தியம் காட்டுகிற கிளப்கள் நிறைய. இந்தக் கட்டுத்தறி சாமர்த்தியம்தான் அபூர்வம்.

கேள்வி: ஆனால் உள்ளூர்ப் பையன்களை வளர்க்கும் அகாடமியையே மூடினார்களாமே? பாவமில்லையா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: எனக்கும் அதில் வருத்தம்தான். 2016ல் மூடினார்கள். பையன்களைச் சிறு வயதிலிருந்து வளர்த்தால், பதினாறு பதினேழில் மான்செஸ்டரிலிருந்து யாராவது வந்து சொற்ப இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். பதிலாக 'பி டீம்' என்று ஒன்றை வைத்து, மற்ற கிளப்கள் கழித்துவிட்ட பையன்களைச் சேர்த்தார்கள். கணக்கு சரி. பேட்டைப் பையனின் அம்மாவிடம் போய்ச் சொல்லத்தான் முடியாது. பிரீமியர் லீகுக்குப் போனபின் அகாடமியை மறுபடி திறந்துவிட்டார்கள் என்பது ஆறுதல்.

கேள்வி: எல்லோரும் காப்பி அடித்துவிட மாட்டார்களா?
– அதே நாகர்கோவில் வாசகர்

பதில்: மோபேயை வாங்கிய பிரைட்டன் நினைவிருக்கிறதா? அதன் முதலாளி டோனி ப்ளூமும் பந்தயக் கணக்குக்காரர். பென்ஹாம் ஒரு காலத்தில் அவரிடம் வேலை பார்த்தவர்! அடுத்த தெருவிலேயே அதே கடை.

2025ல் பிரென்ட்ஃபோர்டுக்குக் கோல் அடித்துக்கொண்டிருந்த பிரையன் ம்பெயுமோவும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். பயிற்சியாளர் தாமஸ் ஃபிராங்க் டாட்டன்ஹாமுக்கு. அவர் நாற்காலியில் வெளியாள் யாரும் உட்காரவில்லை. கார்னர், ஃப்ரீகிக் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கீத் ஆண்ட்ரூஸையே உட்கார வைத்தார்கள். ராத்திரி என்னோடு டிவி பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மா கேட்டாள்: "இந்த ஆளும் ஏற்கெனவே கொட்டத்துல கட்டியிருந்த மாடுதானா?"