இரண்டாம் ஓட்டக் கொட்டகைகள்

அன்புள்ள சார்,

தனித் தியேட்டர்கள் மூடப்படுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு காலத்தில் தியேட்டர் என்றால் அந்தந்த ஊர்க்காரர் ஒருவர் நடத்துவது. மல்டிபிளெக்ஸ் கம்பெனிகள் வந்துதான் அவர்களை விழுங்கிவிட்டன என்று நினைக்கிறேன், சரிதானா? கூடவே ஒரு சின்னச் சந்தேகம். பழைய பிரிண்ட்களில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையுமே, அது எதற்கு?

கே.

அன்புள்ள கே.,

பாதி சரி. ஆனால் கம்பெனிகள் பின்னால் வந்து சேர்ந்தவை அல்ல. 1905இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஹாரி டேவிஸும் அவருடைய மைத்துனர் ஜான் ஹாரிஸும் ஒரு கடைக்குள் நாற்காலி போட்டு, ஆளுக்கு 5 சென்ட் வாங்கிப் படம் காட்டினார்கள். நிக்கலோடியன் என்று பெயர். கூட்டம் மொய்த்ததும் அடுத்தடுத்த கடைகளைப் பிடித்தார்கள். பிறகு ஸ்டுடியோ முதலாளிகளான வில்லியம் ஃபாக்ஸ், அடால்ஃப் சூக்கர் எல்லாம் இப்படிக் கொட்டகையில் கல்லா கட்டி மேலே வந்தவர்கள்தான்.

சிகாகோவின் பார்னி பாலபன் முன்பு குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1917இல் அவரும் கூட்டாளிகளும் திறந்த சென்ட்ரல் பார்க் தியேட்டருக்குள் குளிர்காற்று வந்தது. கோடையில் மற்ற தியேட்டர்கள் காற்று வாங்க, இவர்கள் தியேட்டர் நிரம்பியது. தனி ஆள் ஒருவர் அந்த இயந்திரத்துக்கு எங்கே போவார்?

ஆனாலும் சின்னத் தியேட்டரை நசுக்கியது குளிர்காற்று இல்லை, படம் வந்து சேரும் வரிசை. புதுப்படம் முதலில் நகரத்தின் நடுவே உள்ள பெரிய தியேட்டரில் ஓடும். அங்கே எடுத்தபின் சில வாரம் எங்கும் போடக் கூடாது. அப்புறம் இரண்டாம் ஓட்டம், மூன்றாம் ஓட்டம். கடைசிக் கொட்டகைக்குப் பெட்டி வரும்போது மாதங்கள் ஆகியிருக்கும். பிரிண்ட் முழுக்கக் கீறல். அறுந்த இடத்தையெல்லாம் ஆபரேட்டர்கள் வெட்டி ஒட்டியதில் வசனம் பாதியில் தாவும்.

1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த, ஸ்டுடியோக்கள் மீதான வழக்கில் இந்தக் கணக்கு வெளிப்பட்டது. ஐந்து பெரிய ஸ்டுடியோக்களுக்குப் பங்கு இருந்த தியேட்டர்கள் நாட்டின் மொத்தத்தில் சுமார் 17 சதவீதம்தான். ஆனால் லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் முதல் ஓட்டத் தியேட்டர்களில் குறைந்தது 70 சதவீதம் அவர்கள் பிடியில். ஓடுகிற படத்தோடு ஓடாத படங்களையும் மூட்டையாகக் கட்டி விற்பதையும் நீதிமன்றம் தடுத்தது. ஸ்டுடியோக்கள் தியேட்டர்களைக் கைகழுவ வேண்டியதாயிற்று.

சின்ன முதலாளிகள் பிழைத்தார்களா? அதுதான் இல்லை. மூட்டையைத் திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வாரா வாரம் படம் கிடைத்ததும் அந்த மூட்டையால்தான். ஸ்டுடியோக்கள் படங்களைக் குறைத்தன, வாடகையை ஏற்றின. ஜனங்கள் புறநகருக்குப் போனார்கள், வீட்டில் டிவி வந்தது. 1975இல் ‘ஜாஸ்’ படம் 400க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் ஒரே நாளில் வெளியானது. அந்த வழக்கம் பரவப் பரவ இரண்டாம் ஓட்டத்துக்குக் காத்திருக்க ஆள் குறைந்தது. என் கணக்கில் மல்டிபிளெக்ஸைவிட இதுதான் பெரிய அடி.

இனி உங்கள் புள்ளி. ஒரு ரீல் சுமார் இருபது நிமிடம்தான். அதனால் ஆபரேட்டர் அறையில் இரண்டு புரொஜெக்டர்கள் இருக்கும். முதல் புள்ளி தெரிந்ததும் ஆபரேட்டர் இரண்டாவதன் மோட்டாரை ஓடவிடுவார். சில நொடி கழித்து அடுத்த புள்ளி, அப்போது மாற்றிவிட வேண்டும். கண் அசந்தால் திரை வெள்ளையாகிவிடும், கீழே விசில் பறக்கும். பிற்பாடு பிளாட்டர் வந்தது. படம் முழுவதையும் ஒட்டி, படுக்கை வசத்தில் சுழலும் பெரிய தட்டில் சுற்றி வைத்துவிடுவார்கள். மாற்றவே வேண்டாம், ஒரே ஆள் பல திரைகளைப் பார்த்துக்கொள்ளலாம். 1963இல் கான்சஸ் சிட்டியில் ஸ்டான்லி டர்வுட் ஒரு கடைவளாகத்தில் இரண்டு திரைகளோடு ஆரம்பித்த வியாபாரம் பத்து, இருபது திரைகளாகப் பெருக இந்தத் தட்டும் ஒரு காரணம்.

பிளாட்டர் வந்த பிறகும் புள்ளிகள் பிரிண்டில் இருந்தன. பார்த்துக் கை வைக்க அறையில் ஆள்தான் இல்லை, அவர் ஏழாவது திரைக்குப் போயிருப்பார்.