ரீல்ஸில் புகழ் பெற்ற பெங்களூர் ஓட்டல்களில் கவனிப்பு ஏன் இவ்வளவு மோசமாக இருக்கிறது?

போன மாதம் ஒரு ஓட்டல் வாசலில் நின்றுகொண்டு நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன், காரணம் அதிலேயே இருக்கிறது.

அண்ணன் மகளுக்கு முதல் சம்பளம் வந்தது. அந்தப் பணத்தில் பாட்டியை ஒரு நல்ல இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இந்திராநகரில் உள்ள ஒரு ஓட்டலைச் சொன்னாள். தோசைமேல் நெய் வழிய வழிய ஊற்றும் வீடியோவை எனக்கும் அனுப்பியிருந்தாள். எங்கள் வீடு அல்சூரில், ஆட்டோவில் பத்து நிமிடம்தான். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. பேத்தி கூப்பிட்டாள் என்பதற்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசலில் பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஒன்றரை மணி நேரம் ஆனது. நல்ல கடையில் காத்திருப்பது பெங்களூர்க்காரர்களுக்குப் புதிதல்ல, அதனால் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. வயதானவருக்கு ஒரு நாற்காலி கொடுங்கள் என்று கேட்டேன். "வெளியே சேர் போடுவதில்லை மேடம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போய்விட்டார். அம்மா பக்கத்து ஏடிஎம் படியில் உட்கார்ந்தார். அப்போது மைக்கும் லைட்டுமாக இரண்டு பேர் வந்தார்கள். அவர்களிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. அதுவரை காலியாகவே வைத்திருந்த ஜன்னலோர மேசைக்கு நேராகக் கூட்டிப்போனார்கள். தோசையைத் தூக்கிக் காட்டிக் காட்டிப் படம் பிடித்ததை நாங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

எங்கள் முறை வந்தபோது கிடைத்தது உயரமான ஸ்டூல் போட்ட மேசை. அம்மாவால் அதில் ஏற முடியாது. வேறு மேசை கேட்டதற்கு, இன்னும் அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். கடைசியில் சர்வர் பையன் ஒருவன் சமையலறைப் பக்கமிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். தர்மபுரிப் பக்கத்துப் பையன், நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு அருகே வந்தவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மேசை அம்மாவின் தோளுக்கு வந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தோசை ஆறிப்போயிருந்தது, காபி தோசைக்கு முன்பே வந்துவிட்டது, தண்ணீர் நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். பேத்தியின் முகம் வாடிவிடக் கூடாது என்று அம்மா "நல்லாருக்கு கண்ணு" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் பில். சாப்பாடு 1,560 ரூபாய், அதன்மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், அதாவது 156 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 1,801 ரூபாய் 80 காசு. சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 1,638 ரூபாய்தான் வந்திருக்கும். நாங்களே தண்ணீர் பிடித்து, மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டதற்கு 163 ரூபாய் 80 காசு அதிகம்.

எடுத்துவிடுங்கள் என்றேன். "மெனுவிலேயே போட்டிருக்கிறோம், அது எங்கள் பாலிசி" என்றார் மேனேஜர். மெனுவில் போட்டாலும் செல்லாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தராதவர்களை உள்ளே விடமாட்டோம் என்றும் சொல்லக் கூடாது. ஓட்டல் சங்கங்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதைச் சொல்லி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ போனில் அடித்துக் காட்டினேன். பேசாமல் பில்லை வாங்கிப்போய் வேறு பில் கொண்டுவந்தார். உங்களுக்கும் இப்படி நடந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று நாம் தயங்குவதில்தான் அந்த 10 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரீல் பார்த்து வருகிறவர் ஒரு முறைதான் வருவார் என்பது அந்தக் கடைக்குத் தெரியும். அவர் போனால் அடுத்த வீடியோ வேறு ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தும். முகத்தை நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய தேவை இல்லாத இடத்தில் கவனிப்பு எப்படி வரும்? செலவெல்லாம் சுவருக்கும் விளக்குக்கும் படம் பிடிக்கும் மேசைக்கும் போகிறது, சர்வர் எண்ணிக்கையில் மிச்சம் பிடிக்கிறார்கள். அந்தப் பையன் தனியாளாக ஏழு மேசை பார்த்துக்கொண்டிருந்தான். "காலையில எட்டு மணியிலேருந்து நிக்கறேன்கா" என்றான். மோசமான கவனிப்பு என்று நாம் திட்டும்போது அந்தத் திட்டு போய் விழுவது அவன்மேல்தான். அவனும் அங்கே நாற்காலி கிடைக்காதவன்தான்.

பெங்களூரில் கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்த கடைகள் இல்லையா என்ன? காந்தி பஜார் வித்யார்த்தி பவன் 1943-லிருந்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேயும் பெயர் கொடுத்துவிட்டுத்தான் காத்திருக்கிறோம். ஆனால் சர்வர் கை நிறையத் தோசைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து மேசை மேசையாக இறக்கும்போது தோசை சூடாக இருக்கிறது, முகத்தில் கடுகடுப்பு இல்லை. என் அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் மாதம் ஒரு முறை எங்களை அங்கே கூட்டிப்போவார்.

நின்றுகொண்டு சாப்பிடுவதும் இந்த ஊருக்குக் குறை கிடையாது. தர்ஷினி என்றால் நின்றுகொண்டே சாப்பிடும் சுயசேவை ஓட்டல். 1983-ல் ஜெயநகரில் தொடங்கிய முதல் தர்ஷினிக்குப் பிறகு தெருவுக்குத் தெரு அது வந்துவிட்டது. கல்லாவில் காசு கொடு, டோக்கன் வாங்கு, தட்டை நீயே எடுத்துக்கொள். கவனிப்பு என்று எதையும் அவர்கள் விற்பதில்லை, அதற்குக் காசும் வாங்குவதில்லை. அது நேர்மையான வியாபாரம். தர்ஷினி போல நம்மையே தண்ணீர் பிடிக்க வைத்துவிட்டு நட்சத்திர ஓட்டல் போலப் பில் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ரீல் போடுகிறவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. பணமோ இலவசச் சாப்பாடோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைத்தால், அதை வீடியோவிலேயே எளிய சொற்களில் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று முடிவானால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. இப்போது ஓட்டல் ரீல் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். கூகுள் ரிவியூவில் ஐந்து ஸ்டார்களைப் பார்ப்பதில்லை. இரண்டும் மூன்றும் கொடுத்தவர்கள் எழுதியதை, அதுவும் சமீபத்தில் எழுதியதைப் படிக்கிறேன். அம்மாவோடு போவதென்றால் போன் செய்து சாதாரண நாற்காலி உண்டா என்று கேட்கிறேன். அதற்கு அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடுகிறது.

அன்றைக்குக் கிளம்பும்போது, ஐந்து ஸ்டார் போட்டுவிட்டு போனைக் காட்டினால் ஒரு இனிப்பு இலவசம் என்றார்கள். இப்படிச் சலுகை கொடுத்து ரிவியூ வாங்குவதை கூகுளே அனுமதிப்பதில்லை. அண்ணன் மகள் எதுவும் பேசாமல் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வீட்டுக்கு வந்து, ஏடிஎம் படி, ஸ்டூல், பில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி இரண்டு ஸ்டார் போட்டாள். போடுவதற்கு முன் என்னிடம் காட்டினாள். நாற்காலி கொண்டுவந்த பையனைப் பாராட்டி, அவன் பெயரோடு ஒரு வரி எழுதியிருந்தாள்.

"அத்தை, இது இருந்தா அவனுக்கு நல்லதா, கெட்டதா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.