விலகிப்போன ராப்பருக்கு இன்னும் இரண்டு ஸ்ட்ரைக் கொடுக்கலாமா?

கேள்வி: மதுரை செல்லூரில் வீட்டு மாடியில் ஸ்டுடியோ வைத்து, சின்னதாக ஒரு ஹிப்ஹாப் லேபிள் நடத்துகிறேன். பீட் (ராப்புக்கான பின்னணி இசை), ரெக்கார்டிங், மிக்ஸிங், வீடியோ எல்லாம் என் செலவு. அம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் மைக்கே வாங்கினேன். எங்களிடம் தானே வரிகள் எழுதிப் பாடிய ராப்பர் ஒருவர், பெயர் கிடைத்ததும் விலகிப்போய், நான் தயாரித்த பாட்டுகளைத் தன் சேனலில் போட்டுவிட்டார். பேட்டிகளில் என் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஒரு பாட்டுக்கு, உரிமை என்னுடையது என்று யூடியூபில் புகார்ப் படிவம் நிரப்பி, காப்பிரைட் ஸ்ட்ரைக் கொடுத்தேன். இன்னும் இரண்டு கொடுத்து அவர் சேனலை மூடவைத்து, கேஸும் போடலாமா? அதிகம் ஓடிய பாட்டில் பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் நாதஸ்வரத்தைக் கொஞ்சம் வெட்டி, வேகம் குறைத்துச் சேர்த்திருக்கிறேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப் பேச்சுதான்.

பதில்: தம்பி, வளையல் அடகு போனதும் பேட்டியில் உங்கள் பெயர் வராததும் வருத்தம்தான். நீதிமன்றத்தில் கொடுக்கும் பிராதில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி கடைசி வரி: எழுத்தில் எதுவும் இல்லை.

பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி ஒலிப்பதிவை முன்முயற்சி எடுத்து, பொறுப்பேற்றுச் செய்தவர்தான் அதன் தயாரிப்பாளர். அது நீங்கள். பீட்டும் உங்களுடையது. ஆனால் வரிகளை எழுதியவர் அவர். அவர் உங்களிடம் சம்பளத்துக்கு இருந்தவரும் இல்லை. வரிகளின் உரிமை உங்களுக்கு வரவேண்டுமானால், பிரிவு 19-இன்படி அவர் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். 'ஓகே ப்ரோ, நீங்க பாத்துக்கோங்க' என்ற மெசேஜை வைத்து உரிமை மாறிவிட்டது என்று வாதாடுவது கஷ்டம். ஆக, ஒரே பாட்டில் ஆளுக்கொரு உரிமை.

இங்கேதான் ஸ்ட்ரைக் விபரீதமாகிறது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் சேனல் போகும் என்ற விதி உங்கள் சேனலுக்கும் உண்டு. 'வரிகள் என்னுடையவை' என்று அவரும் அதே படிவத்தை நிரப்பலாம். வெளியிட அவர் சம்மதித்தார் என்பதை நீங்கள் நீதிமன்றத்தில் நிரூபிக்கலாம், வாட்ஸ்அப் அதற்கு நல்ல சாட்சி. ஆனால் யூடியூப் விசாரணை நடத்தாது, முதலில் வீடியோவை எடுத்துவிடும். உங்கள் சேனல் போனால் இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத மற்றப் பையன்களின் பாட்டுகளும் சேர்ந்து போகும். என்னிடம் வருபவர்கள் இதை யோசித்திருப்பதே இல்லை. எதிராளி சேனலின் வியூஸை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் ஸ்ட்ரைக் தவறு என்று அவர் யூடியூபுக்கு எதிர் நோட்டீஸ் கொடுத்தாலோ, பத்து வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். கையில் காகிதமே இல்லாமல் அந்த அவசரத்தில் எழுதும் பிராது எப்படி இருக்கும்?

அதைவிடப் பெரிய பயம் எனக்கு அந்த நாதஸ்வரம். பிரிவு 13(3)(ஆ)-வைப் படித்துப் பாருங்கள். ஒரு இசைப் படைப்பை ஒலிப்பதிவு செய்யும்போது அந்தப் படைப்பின் பதிப்புரிமை மீறப்பட்டிருந்தால், அந்த ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமையே கிடையாது. வேகத்தைக் குறைத்தோம், கொஞ்ச நேரம்தான் வருகிறது என்பதெல்லாம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் பதிலுரையில் முதலில் எழுதப்போவது இதைத்தான். நீங்கள் எந்த உரிமையை நம்பி வழக்குப் போடுகிறீர்களோ அதுவே கேள்விக்குறியாகும். அந்தச் சினிமாப் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் இசை நிறுவனத்துக்கும் விஷயம் தெரிந்துவிடும். ராப்பரோடு பேசித் தீர்க்கலாம், அவர்களோடு பேச உங்களிடம் என்ன இருக்கிறது?

போலீஸுக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள். வரிகளை எழுதியவரே எதிராளி எனும்போது, சிவில் தகராறு என்று திருப்பித்தான் அனுப்புவார்கள்.

சமரசமாகப் போங்கள். கொடுத்த ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அப்புறம் காகிதம். ஒலிப்பதிவும் பீட்டும் உங்களுடையவை என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும், வரிகளின் உரிமையை லேபிளுக்கு எழுதித் தரட்டும். காலம் எழுதாமல் விட்டால் 5 வருடம்தான், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும்தான் என்று பிரிவு 19 சொல்கிறது. ஸ்ட்ரீமிங் பணம் மலேசியா, இலங்கையிலிருந்தும் வரும், இரண்டையும் எழுதாமல் விடாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாடலாசிரியர் தன் ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது, பங்கு சரிபாதி. 'எல்லா உரிமையும் எனக்கே' என்று இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் வீண்தான்.

உங்கள் பெயர் கிரெடிட்டில் எந்த இடத்தில், எந்த எழுத்தில் வரவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து ஆவதற்குள் ஒரு நாதஸ்வர வித்வானை அழைத்து, அந்த இடத்துக்குப் புதிதாக ஒரு மெட்டை வாசிக்கவைத்து, பழைய பதிப்பை எல்லாத் தளங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். வித்வானிடமும் கையெழுத்து வாங்க வேண்டும்.