வழியில் இறங்க ஓர் இடம்: வாசகர் கேள்வி – பதில்

குடும்பத்தோடு வெளியே செல்லும்போது கழிப்பறைக்குப் படும் பாட்டைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு வாசகி எழுதியிருந்த சிறு கடிதத்தை வெளியிட்டோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் ஐந்திற்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

கேள்வி: கோடை விடுமுறையில் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் செல்ல இருக்கிறோம். என் மாமியாருக்கு முழங்கால் வலியும் சர்க்கரை நோயும் உண்டு. மகளுக்கு ஐந்து வயது. போன தடவை நல்ல கழிப்பறை கிடைக்காமல் மூன்று இடங்களில் இறங்கி இறங்கி ஏறினோம். அதற்குப் பயந்து, இம்முறை தண்ணீரே குடிக்காமல் வருவதாக மாமியார் சொல்கிறார். என்ன செய்யலாம்? – வாசகி, அம்பத்தூர்

பதில்: முதலில், தண்ணீர் பற்றிய முடிவை உங்கள் மாமியார் மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகள் வெயில் காலத்தில் தண்ணீரைக் குறைத்தால் உடலில் நீர் வற்றி இரத்தச் சர்க்கரையும் ஏறும். சிறுநீரை நெடுநேரம் அடக்குவது சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு இடம் கொடுக்கும். அந்தத் தொற்று மற்றவர்களைவிடச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எளிதில் வரும். என் தாயார் தலைமுறைப் பெண்கள், கோயில் பயணம் என்றால் முதல் நாள் இரவிலிருந்தே தொண்டையை நனைக்கமாட்டார்கள். அதை விரதம் என்றே நாங்கள் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவசரம் வந்த பிறகு இடம் தேடியதுதான் போன தடவை உங்களை அலையவைத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம் இது. சிறு குழந்தையும் சர்க்கரை நோயாளியும் உடன் வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தத்தான் வேண்டியிருக்கும். அப்படியானால் ஐந்து நிறுத்தங்களாவது தேவை. காலைச் சிற்றுண்டி, டீசல், மதிய உணவு, மாலைக் காபி என எப்படியும் நான்கு முறை நிறுத்துவீர்கள் அல்லவா? அந்த நான்கையும் கழிப்பறையை வைத்தே தேர்ந்தெடுங்கள்; இட்லியின் மென்மை இரண்டாம் பட்சமாக இருக்கட்டும். வீட்டிலிருந்தே கூகுள் வரைபடத்தில் அந்த உணவகங்களைத் தேடி, அண்மை மாதங்களில் எழுதப்பட்ட கருத்துகளை மட்டும் படித்துப் பாருங்கள். நெடுஞ்சாலை உணவகங்களைப் பற்றி எழுதுவோரில் ஒருவராவது கழிப்பறையைக் குறித்து ஒரு வரி எழுதாமல் இருப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பாராட்டை நம்ப வேண்டாம், குத்தகைக்காரர் மாறியிருப்பார்.

எந்த இடம் தூய்மையாக இருக்கும் என்பதற்கு என் அனுபவத்தில் ஒரே ஓர் அடையாளம்தான் உண்டு: கழிப்பறை அழுக்கானால் அதற்காகத் திட்டு வாங்கும் ஓர் ஆள் அங்கேயே, அந்த நேரத்தில் இருக்க வேண்டும். கட்டடம் புதிதா பழையதா, கட்டணம் உண்டா இல்லையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடும் நடுத்தர உணவகங்களில், கல்லாவில் இருப்பவரின் பார்வையில் படும்படி கழிப்பறை வாசல் இருந்தால், பெரும்பாலும் ஏமாறமாட்டீர்கள். நான்கைந்து பேருந்துகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் பயணவழி உணவகங்களைக் கூடியமட்டும் தவிர்த்துவிடுங்கள்; பத்து நிமிடத்தில் இருநூறு பேர் பயன்படுத்திவிட்டுப் போகும் இடத்தை எந்தத் தூய்மைப் பணியாளராலும் உடனுக்குடன் கழுவிவிட முடியாது. காலை ஏழு, எட்டு மணிக்கு நன்றாக இருக்கும் அதே இடம் பிற்பகல் இரண்டு மணிக்கு நுழைய முடியாததாகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பெரிய ஊர்களைக் கடக்கும் நிறுத்தங்களைக் காலையில் வைத்துக்கொண்டு, நண்பகல் கூட்டத்துக்குச் சற்று முன்போ பின்போ சாப்பிட உட்காருங்கள்.

பெட்ரோல் நிலையங்களில் இலவசக் காற்று, குடிநீர் ஆகியவற்றோடு கழிப்பறையும் இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்கள் தம் விற்பனையாளர்களுக்கு வகுத்துள்ள நெறிமுறை. எரிபொருள் நிரப்புமுன், வீட்டில் ஒருவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். சாவி கேட்கத் தயங்க வேண்டாம். பூட்டி வைத்திருக்கும் கழிப்பறை சில நேரங்களில் திறந்து கிடப்பதைவிடத் தூய்மையாக இருக்கும்.

சுங்கச்சாவடிக் கழிப்பறைகளைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பரனூர், விக்கிரவாண்டி, சமயபுரம், கப்பலூர் என உங்கள் வழி நெடுகச் சாவடிகள் உள்ளன. தரம் சாவடிக்குச் சாவடி, வாரத்துக்கு வாரம் மாறுகிறது. இந்தியத் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம் 2025 அக்டோபரில், தன் பொறுப்பிலுள்ள கழிப்பறைகள் அழுக்காக இருந்தால் ராஜ்மார்க்யாத்ரா செயலியில் படம் எடுத்து அனுப்புவோருக்கு ஃபாஸ்டேக் கணக்கில் 1000 ரூபாய் தருவதாக ஒரு மாதம் அறிவித்திருந்தது. அந்தச் சலுகை முடிந்துவிட்டது. இப்படி ஓர் அறிவிப்பு தேவைப்பட்டது என்பதிலிருந்து நிலைமையை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

உங்கள் மாமியாருக்கு வெஸ்டர்ன் கழிப்பறை இல்லாமல் முடியாது என்றால், அறுவைச் சிகிச்சைப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், மடக்கிவைக்கக்கூடிய கமோடு நாற்காலி ஒன்றை வாங்கிக் காரின் பின்புறத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதைச் சாதாரண இந்தியன் கழிப்பறையின் மேல் வைத்துப் பயன்படுத்தலாம். இதைத் தூக்கிக்கொண்டு போக மருமகனோ மகனோ வெட்கப்படுவார் என்றால், வெட்கத்துக்கு ஒரு துணிப்பை தைத்துக்கொடுங்கள். இதைத் தவிர ஒரு சிறு பையில் காகித சோப்பு, ஒரு மக், பழைய செய்தித்தாள், குழந்தைக்கு மாற்றுடை, பத்து ரூபாய் நாணயங்கள் ஆகியவை இருக்கட்டும். அந்தப் பை எப்போதும் முன் இருக்கையின் அடியில் இருக்க வேண்டும். பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டால் அது இருந்தும் பயனில்லை.

கேள்வி: என் மனைவி வெளியூரில் பணிபுரிகிறார். நான்கு வயது மகளை நான்தான் வெளியே அழைத்துச் செல்கிறேன். பெண்கள் பகுதிக்குள் நான் போக முடியாது. ஆண்கள் பகுதிக்குள் அவளை அழைத்துப் போக மனம் வரவில்லை. மற்ற தகப்பன்மார் என்னதான் செய்கிறார்கள்? – வாசகர், தேனி

பதில்: பெரும்பாலோர் செய்வது, வழியில் தெரியும் ஏதாவதொரு பெண்மணியிடம் ‘கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களாம்மா’ என்று கேட்பதுதான். நம் ஊரில் இதற்கு மறுப்பவர்கள் குறைவு. ஆனால் முன்பின் அறியாதவரோடு குழந்தையைக் கதவுக்குப் பின்னால் அனுப்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கேயே பணிபுரியும் பெண் ஊழியர் இருந்து, நீங்கள் வாசலிலேயே நின்று, ‘அப்பா இங்கேதான் நிக்கிறேன்’ என்று மகளோடு பேசிக்கொண்டே இருக்க முடிந்தால் அது வேறு.

அதைவிட நல்ல வழி, ஒற்றை அறையாக அமைந்த கழிப்பறையைத் தேடுவது. மாற்றுத்திறனாளிகளுக்கான அறை பெரும்பாலும் ஆண், பெண் பகுதிகளுக்குப் பொதுவாகத் தனி வாசலோடு இருக்கும். தேவைப்படுவோர் யாரும் காத்திருக்கவில்லை என்றால், பணியாளரிடம் சொல்லிவிட்டு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வணிக வளாகங்கள், விமான நிலையங்கள், பெரிய மருத்துவமனைகளின் புறநோயாளிப் பகுதி ஆகிய இடங்களில் இது கிடைக்கும். தேனி, மதுரை போன்ற ஊர்களின் கடைவீதியில் என் தனிப்பட்ட பரிந்துரை பெரிய ஜவுளிக்கடை. முகூர்த்தப் புடவை எடுக்க வரும் குடும்பங்கள் நாலைந்து மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டும் என்பது வியாபாரத் தேவை. ஆகவே கழிப்பறையை நன்றாக வைத்திருப்பதும், பெண் பணியாளரை அங்கே நிறுத்துவதும் அவர்களுக்கு வரவுதான். ஒரு கைக்குட்டை வாங்கினால் போதும், அதுவும் கட்டாயமில்லை.

இவை எதுவும் இல்லாத இடத்தில் ஆண்கள் பகுதிக்கே அழைத்துச் செல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு நேராகக் கதவுள்ள அறைக்குப் போய்விடலாம். உள்ளே நிற்பவர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். ஆறேழு வயதுக்குப் பிறகுதான் இது சரிப்படாது. பச்சிளங்குழந்தையோடு வரும் தந்தையரின் நிலை இன்னும் மோசம். 2015 முதல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மார்களுக்கு அறைகள் திறக்கப்பட்டன, நல்ல ஏற்பாடு. ஆனால் டயப்பர் மாற்ற ஒரு மேசை வேண்டும் என்று நிற்கும் தகப்பனுக்கு அந்தக் கதவு திறக்காது. திறக்கவும் கூடாது, அவருக்கு வேறு ஒரு மேசை எங்கேனும் இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கேள்வி: ஒரு பழைய சட்டத்தின்படி எந்த ஓட்டலும் நமக்குக் கழிப்பறையை இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? – வாசகர், ஈரோடு

பதில்: அந்தச் செய்தி குறிப்பிடுவது 1867-ஆம் ஆண்டின் இந்திய சராய்ச் சட்டத்தை. சராய் என்பது பயணிகள் தங்கும் சத்திரம். சத்திரத்தை நடத்துபவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் கூறுகிறது. தெருவில் செல்லும் எவரும் எந்த உணவகத்திலும் நுழைந்து கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமையை அது வழங்கவில்லை. ஆகவே மேலாளரிடம் சட்ட எண் சொல்லி வாதிடாதீர்கள். ‘வயசானவங்க கூட இருக்காங்க’ என்ற ஒரு வார்த்தை அதைவிட விரைவாகக் கதவைத் திறக்கும்.

உள்ளாட்சி நினைத்தால் இதை விதியாக்க முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. 2017-இல் தெற்கு தில்லி மாநகராட்சி, உணவகங்கள் தங்கள் கழிப்பறைகளை 5 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று உரிம நிபந்தனையாகவே அறிவித்தது. ஜெர்மனியின் ஆலன் நகரம் 2000-ஆம் ஆண்டில் வேறு வழியில் சென்றது: கழிப்பறையைத் திறந்துவைக்கும் உணவகங்களுக்கு நகராட்சி பணம் கொடுத்து, வாசலில் ஓர் அடையாள ஒட்டியையும் ஒட்டியது. புதிதாகக் கட்டிப் பராமரிப்பதைவிட அது மலிவு என்பதால் வேறு பல நகரங்களும் அதைப் பின்பற்றின. நம் ஊர்க் கடைவீதிகளுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்று கருதுகிறேன்.

உரிமை என்ற நோக்கில் பார்த்தால், 2025 ஜனவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முக்கியமானது. நீதிமன்ற வளாகங்கள் அனைத்திலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர் ஆகியோருக்குக் கழிப்பறை அமைக்க உத்தரவிட்ட அத்தீர்ப்பு, கழிப்பறை வசதியை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்துப் பேசுகிறது.

கேள்வி: காசு கொடுத்தும் பேருந்து நிலையக் கழிப்பறை நாறுவது ஏன்? – வாசகி, விருதுநகர்

பதில்: காசு வாங்குபவர் வேறு, கழுவுபவர் வேறு என்பதால். உள்ளாட்சி அமைப்பு ஏலம் விடுகிறது. அதிகத் தொகை கேட்டவர் எடுக்கிறார். போட்ட பணத்தை எடுக்கத் தண்ணீரிலும் ஆள் கூலியிலும் கை வைக்கிறார். பேருந்து நிலையத்தில் நிற்பவருக்கு வேறு போக்கிடம் இல்லையாதலால், நாறினாலும் வசூல் குறைவதில்லை. கட்டணக் கழிப்பறை என்ற முறையின் மேல் குற்றம் இல்லை. பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பு 1974-இல் பாட்னாவில் அதை நடத்திக் காட்டித்தான் நாடு முழுவதும் பரவியது. நம் திருச்சியிலேயே, கிராமாலயா அமைப்பின் துணையோடு குடிசைப் பகுதிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, சமுதாயக் கழிப்பறைகளைச் சில்லறைக் கட்டணத்தில் தாங்களே நடத்தினார்கள். குழுவைச் சேர்ந்த பெண் ஒருவர் வாசலில் உட்கார்ந்து காசு வாங்குவார், கணக்கும் எழுதுவார். மறுநாள் காலையில் அவர் வீட்டுப் பிள்ளைகள் போக வேண்டியதும் அதே கழிப்பறைக்குத்தான். திறந்தவெளி மலம் கழித்தல் அறவே ஒழிந்த பகுதியாகத் திருச்சியின் கல்மந்தைக் குடிசைப் பகுதி 2002-இல் அறிவிக்கப்பட்டதற்கு இந்தப் பெண்களே காரணம். விருதுநகரில் குத்தகையைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது, மகளிர் குழுக்களுக்கு அதைக் கொடுக்கச் சொல்லி நகராட்சிக்கு நீங்கள் மனு எழுதலாம்.

கேள்வி: பொதுக் கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்தால் நோய் தொற்றுமா? புகார் செய்ய எண் உண்டா? – வாசகி, தாம்பரம்

பதில்: உலர்ந்த இருக்கையின் வழியாகத் தோலில் நோய் தொற்றுவது மிக அரிது. அதற்கு அஞ்சி, உட்காராமல் பாதி குனிந்து நிற்பதால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போவதும் உண்டு. துடைத்துவிட்டு நன்றாக உட்காரலாம். கவனிக்க வேண்டியது கைகளை. தாழ்ப்பாள், குழாய், மக்கின் பிடி ஆகியவற்றைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

தேசிய நெடுஞ்சாலைக்கு 1033, ரயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் 139, சென்னை மாநகராட்சிப் பகுதிக்கு 1913 ஆகிய எண்களில் புகார் செய்யலாம். உங்கள் தாம்பரம் தனி மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்குள்ளவற்றுக்கு அந்த அலுவலகத்தையே அணுக வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் புகார்ப் புத்தகம் கேட்டு எழுதுங்கள். எங்கே புகார் செய்தாலும் இடம், நேரம், என்ன குறை என்பதைத் தனித்தனியாகச் சொல்லுங்கள். ‘ரொம்ப மோசம்’ என்று மட்டும் சொன்னால் அது மூடப்பட்டுவிடும், ‘பெண்கள் பகுதியில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை’ என்றால் யாராவது ஒரு தச்சரை அனுப்பியாக வேண்டும். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள்.